அக்கா எந்த வகுப்பு?

சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. பன்னிரண்டு வயது அக்கா பின்னக் கணக்கில் திணறுகிறாள். அதையே ஒன்பது வயதுத் தம்பி போட்டு முடித்துவிட்டான். கடைக்குட்டிக்கு இன்னும் எழுத்துக்கூட்டும் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோருக்குப் பழகிப்போன காட்சி இது.

அக்கா எந்த வகுப்பு? கணக்கில் ஐந்து, ஆங்கிலத்தில் எட்டு என்று பாடத்துக்கு ஒரு வகுப்பு வைத்துக்கொள்வதே விவேகம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசம். அறிவியலையும் வரலாற்றையும் மூவருக்கும் சேர்த்தே நடத்திவிடலாம். தம்பியோடு ஒப்பிடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். (சொல்வது சுலபம்!)

சிக்கல் சான்றிதழில்தான். 1989ல் தேசிய திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள்.

இதை அலட்சியப்படுத்தினால்? மும்பையின் மாளவிகா ஜோஷி ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சர்வதேசக் கணிப்பொறி ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்றும், பிளஸ் டூ சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் சேர வழியில்லை. 2016ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அழைத்துக்கொண்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பதக்கம் வாய்க்காது.

மேசையில் உள்ள அக்காவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பின்னத்தைச் சரிசெய்ய அது போதும்.