பர்மாவில் இருந்து தப்பி வந்த பெண் இதய டாக்டர் ஆனது எப்படி?

நெஞ்சு வலியா? "உடனே ஹார்ட் டாக்டரைப் பாருய்யா" என்கிறோம். அந்த டாக்டர் ஆவது லேசுப்பட்ட காரியமா?

இந்தியாவின் முதல் பெண் இதய நோய் நிபுணர் டாக்டர் பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்தவர். அப்பா வக்கீல். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தார்.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. அம்மா, சகோதரிகளுடன் கோவைக்குத் தப்பி வந்தார். வீட்டு ஆண்கள் அங்கேயே சிக்கிக்கொண்டனர். உயிரோடு இருக்கிறார்களா என்ற தவிப்பு! போர் முடிந்த பிறகே குடும்பம் ஒன்று சேர்ந்தது.

மீண்டும் மாணவி

பத்மாவதி சோர்ந்துவிடவில்லை. டாக்டரான பிறகும் புத்தகத்தைத் தூக்கினார். 1949-ல் லண்டன் போய் மேல்படிப்பு படித்தார். பிறகு அமெரிக்கா. குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறுகளை ஹெலன் தாசிக் அம்மையாரிடம் கற்றார். 1952-ல் ஹார்வர்டு சென்று, பிரபல டாக்டர் பால் டட்லி ஒயிட்டிடம் பயிற்சி பெற்றார்.

அங்கேயே தங்கவில்லை. 1953-ல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு இதயத்தைச் சோதிக்கும் வசதியை அங்கு கொண்டு வந்தார்.

1992-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 90 வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2020-ல் கொரோனாவுக்குப் பலியானபோது வயது 103!