தொட்டுப் பேச ஆள் உண்டா?



கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தோம். எழுபது வயது தாண்டிய ஆச்சி, தனியாக இருக்கிறார். பார்த்து முடித்ததும் எங்கள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "மவன் மாசந் தவறாம பணம் அனுப்புதான். போன்லயும் பேசுதான். ஆனா என்னையத் தொட்டு ஒரு ஆளு பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்றார்.

நம் ஊருக்கு இது புதிய கதை அல்ல. படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் பல தலைமுறைகளாகப் பிள்ளைகள் சென்னை, மும்பை, வெளிநாடு என்று போய்விட்டார்கள். தெருவில் வீடுகள் இருக்கின்றன. திண்ணையில் உட்கார ஆள் குறைந்துவிட்டது.

"சோறு இருக்கு, மருந்து இருக்கு, பிறகென்ன?" என்று கேட்பீர்கள்.

தொடுதல் ஏன் வேண்டும்?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாரி ஹார்லோ 1958-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள். கம்பித் தாயிடம் பால் உண்டு. துணி போர்த்திய தாயிடம் பால் இல்லை. குட்டிகள் பசிக்கு மட்டும் கம்பித் தாயிடம் போயின. மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' முறையை நம் அரசு மருத்துவமனைகளிலும் காணலாம். அணைப்பினால் குழந்தையின் உடல் சூடு காக்கப்படுகிறது, எடை கூடுகிறது, உயிரும் பிழைக்கிறது.

பெரியவர்களுக்கும் அதே தோல்தான். மெதுவாக வருடினால் நன்கு விழித்துக்கொள்ளும் தனி நரம்பு இழைகள் நம் தோலில் உள்ளன. வேண்டியவர் தொட்டால் படபடப்பு தணிந்து மனம் அமைதிப்படுகிறது.

தனிமை செய்யும் கெடுதல்

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிவித்தது. தனிமையால் மனச்சோர்வு மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் வரும் ஆபத்தும் கூடுகிறது.

தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அது நோய். குணப்படுத்தலாம்.

செய்ய வேண்டியவை

1. ஊருக்கு வரும் பிள்ளைகள், பெட்டியை வைத்ததும் செல்போனை எடுக்காமல் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். காலைப் பிடித்து விடுங்கள். சனிக்கிழமை அப்பாவுக்கு முதுகில் எண்ணெய் தேய்த்து விடுங்கள். ஆச்சிக்குத் தலை வாரி விடுங்கள். இதெல்லாம் நம் வீட்டுப் பழக்கம்தானே?

2. பேரப்பிள்ளைகளைப் பெரியவர்களோடு விடுங்கள். கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பதில் இருவருக்கும் நன்மை உண்டு.

3. தொடுவது பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் மருந்துதான்.

4. அப்பளம் இடும் இடத்தில் நாலு பேர் கூடி இருப்பீர்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரையும் "வாங்க ஆச்சி, எங்களோட வந்து உக்காருங்க" என்று கூப்பிடுங்கள். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, பேச்சு நடக்கட்டும்.

5. மனச்சோர்வு அறிகுறி கண்டால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையிலோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும். முதியோர் உதவிக்கு 14567. சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விடாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

அந்த ஆச்சிக்கு மாத்திரை கொடுத்தோம். பத்து நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டும் இருந்தோம். மாத்திரையை நாங்கள் கொண்டு வருவோம். மற்றது உங்கள் கையில் இருக்கிறது.