அடையாள எண்ணின் கடைசி எழுத்து எதற்கு?

சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு மருந்தகத்தில் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எஸ். குமார்" என்று கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்து நிற்கலாம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும். முத்துலட்சுமி என்ற பெயரையோ ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத குமாரின் குறிப்பு அடுத்த குமாரின் கோப்பில் ஏறிவிட்டால்?

அதனால்தான் கணினித் தரவுத்தளம் பெயரை நம்புவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் 1, 2, 3 என்று எண் கொடுக்கிறது. ஒரே கணினி கொடுக்கும்வரை சிக்கல் இல்லை. தேக்காவிலும் ஜூரோங்கிலும் இரண்டு கிளைகள் தனித்தனியே கொடுத்தால், இங்கும் ஒரு 101, அங்கும் ஒரு 101. பட்டியல்களைச் சேர்க்கும் நாளில் இரண்டும் மோதும். இதற்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் ஒரு வழி 'யூயூஐடி'. அது 128 பிட் நீள எண். பரவலாகப் பயன்படும் வகையில் 122 பிட்டுகள் குலுக்கல் போல அமைகின்றன. யாரையும் கேட்காமல் ஒவ்வொரு கிளையும் தானே எண் உருவாக்கலாம். இரண்டு எண்கள் ஒன்றாகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் எழுதினால் 32 எழுத்துகள் வரும். அதை முகப்பில் நின்று ஒப்பித்துப் பாருங்கள்!

மனிதர் சொல்லும் எண் சிறியதாக இருக்கவேண்டும். தவறாகத் தட்டினால் உடனே தெரியவும் வேண்டும். நம் அடையாள அட்டை எண்ணில் 7 இலக்கங்களும், முன்னும் பின்னும் ஓர் எழுத்தும் உள்ளன. கடைசி எழுத்து ஒரு கணக்கின் விடை.

'எஸ்' என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுக்கவேண்டும். மீதி 0 முதல் 10 வரை வந்தால் எழுத்து முறையே ஜே, இஸட், ஐ, எச், ஜி, எஃப், இ, டி, சி, பி, ஏ. 1234567 என்றால் கூட்டுத்தொகை 106, மீதி 7, எழுத்து 'டி'. அவசரத்தில் 1234576 என்று தட்டினால் 107, மீதி 8, எழுத்து 'சி'. பொருந்தாததால் கணினி மறுத்துவிடும்.

ஏன் 11? 10ஆல் வகுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் இலக்கத்தில் 1க்குப் பதில் 6 தட்டினால் கூட்டுத்தொகை சரியாக 10 கூடும். மீதி மாறாது, தவறு நழுவிவிடும். 11 பகா எண். ஓர் இலக்கத்தின் பிழை அதிகபட்சம் 9, பெருக்கும் எண்ணோ 7க்கு மேல் இல்லை. இவற்றின் பெருக்கல் 11ஆல் ஒருபோதும் வகுபடாது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் இதே காரணத்தால் பிடிபடும். ஆனால் முதல் இலக்கமும் ஏழாவதும் இடம் மாறினால் பிடிபடாது. இரண்டையும் பெருக்குவது 2 அல்லவா!

2000ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு முதலெழுத்து வேறு. அவர்கள் கூட்டுத்தொகையுடன் 4 சேர்த்துக்கொள்ளவேண்டும். உங்கள் எண்ணைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, தாளைக் கிழித்துவிடுங்கள். ஏதோ ஓர் இணையத்தளத்தில் தட்டிச் சோதிக்கவேண்டாம். அந்த எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்: கடைசி எழுத்தை, இந்தக் கட்டுரையைப் படித்த யாரும் இனிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.