குளத்தில் நிற்கும் நீரும் இயந்திரத்தில் நிற்கும் எண்ணும்

சாகாமக் குளத்தை அறிந்த விவசாயிக்கு ஒரு விடயத்தை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வயலில் கட்டிய நீர் சில நாட்களில் வற்றிவிடும். மதகை மூடினால் வாய்க்காலும் காய்ந்துவிடும். குளத்தில் தேங்கிய நீரே பெரும்போகம் கடந்தும் நின்று சிறுபோகத்துக்கு உதவும்.

1990ஆம் ஆண்டுப் போரில் அம்பாறைக் கரையோரத்தில் பல குடும்பங்கள் காணியை விட்டு இடம்பெயர்ந்தன. காணி கைவிட்டுப் போன வீட்டில் பிள்ளை கற்கும் தொழிலே நாளைய சோறு. அத்தகைய தொழில்களுள் ஒன்று சி.என்.சி. இயந்திரத்தை இயக்குவது. இது கணினி சொற்படி இரும்பைக் கடையும் இயந்திரம். இத்தொழிலைப் பழகும் பிள்ளைகளுக்காகவும் அவர்களை அனுப்பிய பெற்றோருக்காகவும் இதை எழுதுகின்றோம்.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் இத்தகைய முதல் இயந்திரம் காட்டப்பட்டபோது, கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இன்றைய இயந்திரமோ எண்களைத் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். ஜப்பானின் ஃபனுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அவை மூன்று வகை.

#1 முதல் #33 வரை வயல் நீர் போன்றவை. வேலை முடிந்ததும் பொதுவாக அழியும். #100 முதல் #199 வரை வாய்க்கால் நீர் போன்றவை. எல்லா நிரல்களும் பயன்படுத்தலாம், ஆனால் மின்சாரத்தை நிறுத்தினால் பொதுவாகப் போய்விடும். #500 முதல் தொடங்குபவை குளத்து நீர். நிரல் மாறினாலும் மின்சாரம் போனாலும் அவை நிற்கும்.

இதனால் என்ன பயன்? உழவு இயந்திரத்துக்கு ஒரு நிரல் புஷ் கடைகிறது, இன்னொன்று ஊசி கடைகிறது, இரண்டுக்கும் வெட்டும் கத்தி ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிரல்களிலும் #500 = #500 + 1 என்று எழுதினால், கத்தி மொத்தம் எத்தனை துண்டு வெட்டியது என்பது ஒரே கணக்கில் சேரும். 2022இல் நம் நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாளிலும் இக்கணக்கு அழியாது. கத்தி மழுங்குமுன் மாற்றிவிடலாம்.

ஆபத்தும் இதிலேயே உண்டு. வேறொரு தொழிலாளி அதே #500ஐ வெட்டும் ஆழத்துக்கென எழுதியிருந்தால்? 37 துண்டு என்று நின்ற எண்ணை இயந்திரம் 37 மில்லிமீற்றர் ஆழம் என்று எடுத்துக்கொள்ளும். கத்தி உடையும், தெறிக்கும் துண்டு ஆளையும் காயப்படுத்தலாம். எண் வெறுமையாக இருந்தாலும் கவனம் தேவை. வெறுமையான எண்ணுடன் நகர்வுக் கட்டளை கொடுத்தால் ஃபனுக் அந்த அச்சை நகர்த்தாமலே அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது நான்கு. முதலாவது, எந்த எண் எதற்கு என்று ஒரு கொப்பியில் எழுதி இயந்திரத்தருகில் தொங்கவிடுங்கள். இரண்டாவது, எண்ணைப் பயன்படுத்துமுன் அது வெறுமையா, எல்லைக்குள் உள்ளதா என நிரலிலேயே சோதியுங்கள். தவறென்றால் #3000 கட்டளையால் எச்சரிக்கை தந்து இயந்திரத்தை நிறுத்தலாம். மூன்றாவது, புதிய கத்தி பூட்டியதும் கணக்கைச் சுழியமாக்குங்கள். நான்காவது, இந்நினைவைக் காப்பது பெட்டிக்குள் உள்ள சிறு பற்றரி. எச்சரிக்கை தோன்றியதும், இயந்திரத்துக்கு மின்சாரம் இருக்கும்போதே, பழகியவர் ஒருவரைக்கொண்டு அதை மாற்றுங்கள். பற்றரி முற்றாகச் செத்தால் குளம் உடைந்த கதைதான்.

லினக்ஸ் சி.என்.சி. என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தும் சிறு பட்டறைகளிலும் இதே கவனம் வேண்டும். அங்கே ஒரு கோப்பில் வரிசைப்படுத்திய எண்கள் மட்டுமே காக்கப்படும்.

மதகைத் திறக்குமுன் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். காலையில் இயந்திரத்தை இயக்குமுன், நேற்று அதில் நின்ற எண்ணையும் அப்படியே பார்ப்போம்.