கீசர் ஏன் சத்தம் போடுகிறது?

சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கீசருக்குள் அப்பளம் பொரிவது போலச் சத்தம் வருகிறதா? உள்ளே உப்பு படிந்துவிட்டது.

போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடேறும்போது அது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாக மாறும். சூடான நீரில் சர்க்கரை கூடுதலாகக் கரையும். இதுவோ நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். அதனால்தான் தண்ணீர் அதிகம் சூடாகிற காயிலின் மேலேயே வெள்ளை ஓடாக ஒட்டிக்கொள்கிறது. ஓடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. காயில் அளவுக்கு மீறிக் காய்கிறது. ஓட்டின் இடுக்கில் சிக்கிய நீர் ஆவியாகி வெடிக்கிறது. நாம் கேட்பது அந்தச் சத்தம். இப்படியே விட்டால் ஒருநாள் காயில் எரிந்துபோகும்.

தொட்டிக்குள் பலரும் பார்த்தே இராத ஒரு மெக்னீசியம் கம்பி உண்டு. ஆனோடு ராடு என்பார்கள். இரும்பைவிட மெக்னீசியம் எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். ஆகவே அரிப்பு முதலில் அதைத்தான் தின்னும், தொட்டி தப்பிக்கும். கம்பி தீர்ந்தால் அடுத்தது தொட்டிதான். ஓட்டை விழுந்த தொட்டிக்கு வைத்தியம் கிடையாது என்பதால், பாதிக்கு மேல் கரைந்த கம்பியை மாற்றிவிடுவதே லாபம்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் வருடம் ஒரு சர்வீஸ் அவசியம். தெர்மோஸ்டாட் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சூடு குறைந்தால் படிவும் குறையும்.

ஒன்று மட்டும்: சூட்டில் நீர் விரிவதால் சேஃப்டி வால்வில் அவ்வப்போது சொட்டும். ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள், தொட்டியே வெடிக்கக்கூடும்.