எரிவது எண்ணெயின் ஆவிதான்

பெட்ரோலில் தீப்பொறி விழுந்தால் முதலில் பற்றிக்கொள்வது அதன் மேற்பரப்பிலிருந்து கிளம்பிக் காற்றோடு கலந்திருக்கும் ஆவி. மண்ணெண்ணெய், டீசல், நல்லெண்ணெய் எதுவானாலும் இதே கதைதான். ஆவி எவ்வளவு கிளம்பும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. அதனால், ஒரு திரவம் எப்போது எரியும் என்று அறிய, அது எப்படி ஆவியாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொதிநிலை மாறும்

கொடியில் காயும் வேட்டியிலுள்ள ஈரம் 100 டிகிரியைத் தொடுவதே இல்லை. இருந்தும் வேட்டி காய்ந்துவிடுகிறது. திரவத்தின் மூலக்கூறுகளில் வேகம் மிகுந்தவை எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பை விட்டுத் தப்பிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏறத் தப்புபவை பெருகும். ஆவியின் அழுத்தமும் கூடும். அந்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது திரவத்தின் உள்ளேயே குமிழிகள் எழும். அதுதான் கொதிநிலை.

ஆகவே வெளி அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். பிரஷர் குக்கருக்குள் நிலைமை தலைகீழ்: அழுத்தம் கூடுவதால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கிறது, பருப்பு சீக்கிரம் குழைகிறது.

சமையல் கேஸ் சிலிண்டரிலும் இதே விதிதான். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியும் கொதிப்பவை. சாதாரண வெப்பநிலையில் அவற்றைத் திரவமாக அடக்கி வைத்திருப்பது அழுத்தம் மட்டுமே. அடுப்பைத் திறந்ததும் உள்ளே திரவம் கொதிக்கத் தொடங்கி, அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பெரிய அடுப்பு இடைவிடாமல் எரியும் ஓட்டல்களில் சிலிண்டரின் கீழ்ப்பகுதி வேர்த்துக் குளிர்ந்திருப்பது இதனால்தான்.

தீப்பற்றும் நிலை

ஆவி கிளம்பினால் மட்டும் தீப்பிடித்துவிடாது. காற்றில் அது தேவையான அளவு கலந்திருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் எரியும். அதற்குக் குறைந்தால் எரிபொருள் போதாது. மிஞ்சினால் ஆக்சிஜன் போதாது. கீழ் எல்லையைத் தொடும் அளவுக்கு ஒரு திரவம் ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலையை எண்ணெய்த் துறையினர் ‘ஃபிளாஷ் பாயின்ட்’ என்கிறார்கள். மூடிய கிண்ணத்தில் எண்ணெயை மெல்லச் சூடாக்கி, அவ்வப்போது ஒரு சிறு சுடரை உள்ளே காட்டுவார்கள். எந்த வெப்பநிலையில் சுடர் பட்டதும் ஆவி குப்பென்று ஒருமுறை பற்றி அணைகிறதோ, அதுவே அந்த எண்ணெயின் ஃபிளாஷ் பாயின்ட்.

பெட்ரோலுக்கு இது சுமார் மைனஸ் 43 டிகிரி; பனிக்காலத்திலும் அது ஆபத்தான பொருளே. சுத்தமான எத்தனாலுக்குச் சுமார் 13 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 டிகிரி. மார்கழியில் சாதுவாக இருக்கும் அது, அக்னி நட்சத்திர வெயிலில் இந்த எல்லையைக் கடந்துவிடலாம். இந்தியாவின் 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் எண்ணெய்களை வகைப்படுத்துவதும் இந்த எண்ணை வைத்துத்தான். 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றுபவை ‘ஏ’ வகுப்பு, 23 முதல் 65-க்குள் ‘பி’, 65 முதல் 93-க்குள் ‘சி’. பெட்ரோல் முதல் வகுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் இரண்டாவது.

அகல் விளக்கிலுள்ள நல்லெண்ணெய்மீது எரியும் குச்சியைக் காட்டினால் அது பற்றாது. அதன் ஃபிளாஷ் பாயின்ட் மிக உயரத்தில் இருக்கிறது. திரி போட்டால் எரிகிறது. திரி உறிஞ்சி மேலே கொண்டுவரும் துளி எண்ணெயைச் சுடர் சூடாக்கி ஆவியாக்குகிறது. அந்த ஆவி எரிந்து அடுத்த துளியைச் சூடாக்குகிறது. அகலில் உள்ள மற்ற எண்ணெய் ஆறியே கிடக்கிறது.

பொறியே இல்லாமல்

இன்னும் சூடேறினால் தீப்பொறியே தேவையில்லை. ஆவி தானாகவே பற்றும். டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும்போது அதன் வெப்பநிலை 500 டிகிரியைத் தாண்டும். அதில் பீய்ச்சப்படும் டீசல் உடனே எரிகிறது. அதனால்தான் அந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை.

மறந்து விடப்பட்ட வாணலியிலும் நடப்பது இதுவே. எண்ணெய் முதலில் புகையும். அடுப்பை அணைக்காவிட்டால் 300 டிகிரியைத் தாண்டி ஒரு கட்டத்தில் தானே பற்றிக்கொள்ளும். அப்போது தண்ணீர் ஊற்றினால், எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி நொடியில் நீராவியாகும். அந்த நீராவி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைத் துளிகளாக்கி மேலே வீசும். வாணலியில் இருந்த தீ அடுக்களை முழுவதும் பரவும்.

எண்ணெய் புகையத் தொடங்கியதுமே அடுப்பை அணைத்துவிட வேண்டும். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் கூடாது. வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்து, பொருத்தமான தட்டால் மூடி, எண்ணெய் நன்றாக ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். தட்டு காற்றைத் தடுக்கும். சூடு தணியத் தணிய ஆவியும் அடங்கும்.