கம்பியில் ஒட்டுக்கேட்டு உருவான சாம்பா

ஒரே வைஃபையில் ஒரு விண்டோஸ் லேப்டாப், ஒரு மேக், லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று. இவற்றுக்கிடையே கோப்பு மாற்ற பென்டிரைவ் வேண்டியதில்லை. லினக்ஸ் கணினியில் சாம்பா என்ற இலவச மென்பொருளை நிறுவினால், அதிலுள்ள ஒரு ஃபோல்டரை மற்ற இரண்டிலும் திறக்கலாம்.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் நெறிமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம்.மில் பிறந்து, மைக்ரோசாஃப்டில் வளர்ந்தது. 1991 இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைத் திறக்க விரும்பினார். டெக் நிறுவனத்தின் மென்பொருள் அதைச் செய்தது. எப்படிச் செய்கிறது என்று சொல்லும் ஆவணம்தான் அவரிடம் இல்லை. கம்பியில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைப் பிடிக்க ஒரு நிரல் எழுதி, எந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறதென்று பார்த்தார். பிறகு அதே பதில்களைத் தரும் சர்வர் ஒன்றை எழுதிவிட்டார். அந்தக் கேள்வி-பதில் முறைதான் எஸ்.எம்.பி. என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது!

அந்த சர்வரிலிருந்து வளர்ந்த சாம்பா இன்றும் செய்வது அதே ஆள்மாறாட்டம்தான். வேடம் எளிதல்ல. ஒரே பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் விண்டோஸுக்கு ஒன்றே, லினக்ஸுக்கு வேறுவேறு. அதனால் கேட்ட பெயர் அப்படியே கிடைக்காதபோது, சாம்பா ஃபோல்டர் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் கோப்புகள் குவிந்த ஃபோல்டர் மெதுவாகத் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும் இடம் பாஸ்வேர்டு. லினக்ஸில் நுழைய உதவும் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ஃபோல்டர் திறக்காது. காரணம் உண்டு. விண்டோஸ் தன் பாஸ்வேர்டைக் கம்பியில் அனுப்புவதேயில்லை. சர்வர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். பாஸ்வேர்டிலிருந்து பெற்ற ஹாஷ் என்ற குறியீட்டைக் கொண்டு அதற்கு விடை கணக்கிட்டு விண்டோஸ் திருப்பி அனுப்பும். விடையைச் சரிபார்க்க அதே ஹாஷ் சர்வரிடமும் இருக்க வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பதோ வேறு முறையில் கணக்கிட்ட ஹாஷ். அதிலிருந்து இதை வரவழைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பயனருக்கும் சாம்பாவில் தனியாக ஒருமுறை பாஸ்வேர்டு பதிய வேண்டும்.

சில பழைய ஸ்கேனர்கள், எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை இயக்கச் சொல்லும். இயக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். ரவுட்டரில் எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவும் கூடாது. வெளியூரிலிருந்து கோப்பு வேண்டுமானால் விபிஎன் வழியாக உள்ளே வாருங்கள்.